மரியாதை போதாது, விதி வேண்டும்

பொது இடத்தில் புகை பிடிப்பதைத் தடை செய்யலாமா, கூடாதா என்ற பேச்சு வந்தால் நம்மவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "கெட்ட பழக்கம், ஒழிக்க வேண்டியதுதான்" என்பது ஒரு கட்சி. "என் காசு, என் நுரையீரல், சர்க்காருக்கு என்ன வந்தது?" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் பேசுவது புகை பிடிப்பவரைப் பற்றித்தான். பக்கத்தில் உட்கார்ந்து, விருப்பமில்லாமல் அதே காற்றை இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தவிக்கிறாரே, அந்த மூன்றாவது ஆளைப் பற்றிப் பேச யாரும் இல்லை. அவரை வைத்துத்தான் இந்த விஷயத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஜப்பான்.

ஏன் ஜப்பான் என்று கேட்கலாம். சிங்கப்பூர் இல்லையா, அயர்லாந்து இல்லையா? உண்டு. அயர்லாந்து 2004-லேயே நாடு முழுவதும் வேலை செய்யும் இடங்களிலும் மதுக்கடைகளிலும் புகையை நிறுத்தியது. ஆனால் ஜப்பான் வேறு மாதிரி. மரியாதைக்கும் ஒழுங்குக்கும் பெயர் போன நாடு அது. வரிசையில் நிற்பதற்கும் குப்பையைக் கையிலேயே வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுபோவதற்கும் அங்கே போலீஸ்காரர் தேவையில்லை. அப்படிப்பட்ட நாட்டிலேயே இந்த ஒரு விஷயத்தில் மரியாதை மட்டும் போதவில்லை. அது ஏன் என்று யோசித்தால் நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும். என் மகள் குடும்பம் டோக்கியோவில் இருப்பதால் இரண்டு முறை போய்ச் சில மாதங்கள் தங்கியிருக்கிறேன். ரயில்வேயில் காலம் தள்ளியவன் என்பதால் அங்கே ரயிலில் நடந்த கதையைக் கொஞ்சம் தேடிப் படிக்கவும் செய்தேன்.

ரயிலில் தொடங்கிய வழக்கு

நாம் 'புல்லட் ரயில்' என்று சொல்லும் ஷிங்கான்சென் 1964 அக்டோபரில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. உலகமே வியந்து பார்த்த வண்டி. அதில் ஒவ்வொரு பெட்டியிலும் சிகரெட் பிடிக்கலாம். 1966-இல் எடுத்த ஒரு கணக்குப்படி ஜப்பானிய ஆண்களில் 100 பேருக்கு 80-க்கும் மேற்பட்டவர்கள் புகை பிடித்தார்கள் என்றால், பெட்டிக்குள் காற்று எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1976-இல்தான் முதல் தடவையாக, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் 'கொடாமா' வண்டியில், 16 பெட்டிகளில் ஒரே ஒரு பெட்டியைப் புகையில்லாப் பெட்டி என்று ஒதுக்கினார்கள்.

இது போதாது என்று 1980-இல் சில பயணிகள் ஜப்பான் தேசிய ரயில்வே மீதும் அரசு மீதும் புகையிலை நிறுவனம் மீதும் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பெட்டிகளில் பாதியையாவது புகையில்லாப் பெட்டிகளாக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. 'புகையை வெறுக்கும் உரிமை' என்று பொருள்படும் 'கெனென்கென்' என்ற புதுச் சொல் அந்த நாட்களில்தான் ஜப்பானில் பரவியது. வழக்கு ஏழு வருஷம் நடந்தது. 1987-இல் தீர்ப்பு வந்தபோது பயணிகள் தோற்றார்கள். ரயிலில் வரும் புகை பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவில்தான் இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் வேடிக்கை பாருங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ரயில்வே புகையில்லாப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வந்தது. கேட்டவர்கள் கோர்ட்டில் தோற்றும் பெட்டியில் ஜெயித்தார்கள். 2007 மார்ச்சில் கிழக்கு ஜப்பான் ரயில்வே தன் ஷிங்கான்சென், விரைவு வண்டிகளில் புகையை அடியோடு நிறுத்தியது. அதே வருஷம் ஜூலையில் டோக்கியோ–ஒசாகா தடத்துக்கு வந்த என்700 ரக வண்டியில் எந்த இருக்கையிலும் புகை பிடிக்கக் கூடாது. அதற்கென்று தனியாகச் சிறு அறைகள் வைத்தார்கள். புகை இருக்கைகள் கொண்ட பழைய 700 ரக வண்டி 2020 மார்ச்சில் அந்தத் தடத்திலிருந்து விடைபெற்றது. 2024 மார்ச்சில் அந்தச் சிறு அறைகளையும் மூடி, அவசர காலத்துக்கான குடிநீரை வைக்க அந்த இடத்தைப் பயன்படுத்த முடிவு செய்தார்கள். முதல் புகையில்லாப் பெட்டியிலிருந்து கடைசிப் புகை அறை மூடப்படும் வரை 48 வருஷம் ஆகியிருக்கிறது.

'புகைப் பெட்டி, புகையில்லாப் பெட்டி என்று பிரித்தால் போதாதா, பெட்டிக்குள்ளேயே ஒரு பக்கம் ஒதுக்கினால் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நான் பெட்டிப் பராமரிப்பில் இருந்தவன். இதற்கு மட்டும் அனுபவத்தில் பதில் சொல்லலாம். ஏ.சி. பெட்டியில் வெளியிலிருந்து புதிதாக வரும் காற்று ஒரு பங்குதான். மீதியெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் காற்றே வடிகட்டி வழியாகக் குளிரூட்டும் கருவிக்குப் போய்த் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. வடிகட்டி தூசியைப் பிடிக்கும்; புகையோடு வரும் வாயுக்களைப் பிடிக்காது. ஒரே குளத்தில் இந்தப் படித்துறையில் மட்டும் சோப்புப் போட்டுத் துணி துவைக்கலாம், அந்தப் படித்துறையில் குடிதண்ணீர் மொள்ளலாம் என்று போர்டு எழுதி வைப்பது போன்ற ஏற்பாடு அது. போர்டு நமக்குத்தான் புரியும், தண்ணீருக்குப் புரியாது.

தெருவில் முதலில், கடையில் பிறகு

ரயிலுக்கு வெளியே ஜப்பான் போன பாதை இன்னும் விசித்திரமானது. மற்ற நாடுகளில் கட்டடத்துக்குள் முதலில் தடை செய்தார்கள். 'வெளியே போய்ப் பிடியுங்கள்' என்றார்கள். ஜப்பானில் பல ஊர்களில் தெருவில் முதலில் தடை வந்தது.

டோக்கியோவின் நடுவில் அரண்மனையும் பாராளுமன்றமும் இருக்கும் பகுதி சியோடா. அங்கே 2002-இல் ஓர் உள்ளூர்ச் சட்டம் போட்டார்கள். குறிப்பிட்ட தெருக்களில் நடந்துகொண்டோ நின்றுகொண்டோ புகை பிடித்தால் 2,000 யென் அபராதம். காரணம் நுரையீரல் அல்ல, நெருப்பும் குப்பையும். கூட்டத்தில் நடக்கும் ஒருவர் சிகரெட்டைக் கையில் தொங்கவிட்டால் அது சரியாகச் சிறு குழந்தையின் முக உயரத்துக்கு வருகிறது. புகையிலை நிறுவனமே தன் விளம்பரத்தில், ஜனக்கூட்டத்தின் நடுவே 700 டிகிரி நெருப்பைக் கையில் ஏந்திப் போகிறோம் என்று புகை பிடிப்பவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது. அந்த விளம்பரங்களின் போக்கு எல்லாம் 'மரியாதையாகப் பிடியுங்கள்' என்பதுதான். மரியாதை, மரியாதை என்று பல வருஷம் சொல்லிப் பார்த்துப் பயனில்லாத பிறகு சியோடா வைத்த கோஷம் எனக்கு மிகவும் பிடித்தது. 'மரியாதையிலிருந்து விதிக்கு, விதியிலிருந்து மறுபடி மரியாதைக்கு' என்பது அதன் கருத்து. அந்த இரண்டாம் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

கட்டடத்துக்குள் நிலைமை என்ன? 2003-இல் அமலுக்கு வந்த சுகாதார மேம்பாட்டுச் சட்டம், பிறர் புகை மற்றவரைத் தாக்காமல் பார்த்துக்கொள்ள நிர்வாகிகள் 'முயற்சி செய்ய வேண்டும்' என்று மட்டும் சொன்னது. முயற்சி செய்யாவிட்டால் தண்டனை இல்லை. டோக்கியோ வட்டாரத்துப் பெரிய தனியார் ரயில் கம்பெனிகள் அந்த மே மாதமே தங்கள் ஸ்டேஷன்களில் புகையை நிறுத்தின. ஆனால் ஓட்டல்களும் மதுக்கடைகளும் அசையவில்லை. இதனால் தெருவில் சிகரெட் பற்றவைத்தால் அபராதம், காபிக் கடைக்குள் போய்க் குழந்தைகளுக்குப் பக்கத்து மேசையில் பற்றவைத்தால் ஒன்றுமில்லை என்ற நிலை பல வருஷம் நீடித்தது.

இத்தனைக்கும் பக்கத்தில் இருப்பவருக்குப் புகை கெடுதல் என்று உலகத்துக்குச் சொன்ன முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று ஜப்பானில் நடந்ததுதான். ஹிரயாமா என்ற மருத்துவ அறிஞர், தாங்கள் புகை பிடிக்காத 90,000-க்கும் மேற்பட்ட மனைவிமாரை 14 வருஷம் கவனித்து, கணவர் அதிகம் புகைக்கும் வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று 1981-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். வீட்டில் கணவர் பிடித்த புகைக்கு மனைவி கொடுத்த விலை அது. 'வெளியே போய்ப் பிடியுங்கள்' என்று அவர்களில் எத்தனை பேரால் சொல்லியிருக்க முடியும்?

சட்டத்துக்குப் பல் முளைக்க 2018 ஆயிற்று. ஒலிம்பிக் வரப்போகிறது என்ற நெருக்கடியும் ஒரு காரணம். சுகாதார அமைச்சகம் முதலில் கொஞ்சம் கடுமையாகத்தான் திட்டம் போட்டது. ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. சிறிய மதுக்கடைக்காரர்கள், 'வாடிக்கைக்காரர் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வது?' என்றார்கள். கடைசியில் ஏற்கெனவே நடந்துவரும், வாடிக்கையாளர் பகுதி 100 சதுர மீட்டருக்கு மேற்படாத, 5 கோடி யென்னுக்கு மேல் மூலதனம் இல்லாத கடைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நாட்டின் உணவுக்கடைகளில் பாதிக்கு மேல் இந்த விலக்கில் வரக்கூடியவை என்பது அன்றைய அரசுக் கணக்கு! பள்ளி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகங்களுக்கு 2019 ஜூலையிலும் மற்றவற்றுக்கு 2020 ஏப்ரலிலும் சட்டம் அமலானது.

டோக்கியோ மாநகர அரசு மட்டும் வேறு கேள்வியைக் கேட்டது. கடை எத்தனை சதுர மீட்டர் என்று கேட்கவில்லை. கடையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆள் இருக்கிறாரா என்று கேட்டது. ஆள் இருந்தால், கடை எவ்வளவு சிறியதானாலும் புகை கூடாது. முதலாளி தன் குடும்பத்தோடு மட்டும் நடத்தும் கடையானால் அவர் இஷ்டம். இதை நான் மிகவும் மதிக்கிறேன். வாடிக்கைக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். முதலாளி விரும்பினால் விதியை மாற்றலாம். தட்டுத் தூக்கும் பையன் எங்கே போவான்? முதலாளியிடம் போய், 'ஐயா, புகை தாங்கவில்லை' என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா? வாய் திறக்க முடியாதவன் யார் என்று பார்த்து, அவனுக்காகச் சட்டம் பேசியது.

அரசுக்கு ஏன் தயக்கம்?

ஜப்பான் இவ்வளவு தாமதித்ததற்குப் பணமும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. 1904-இல் ரஷ்யாவுடன் போர் நடந்தபோது கஜானாவை நிரப்பச் சிகரெட் தயாரிப்பையே அரசு தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1985-இல் அது 'ஜப்பான் டொபாக்கோ' என்ற கம்பெனியாக மாறிய பிறகும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பங்குகளை அரசே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். ஒரு கையால் விற்று மறு கையால் தடுப்பது யாருக்கும் சுலபம் அல்ல. இதைப் பார்த்து நாம் சிரிக்கவும் முடியாது. நம் பிரீமியப் பணத்தை வாங்கும் எல்.ஐ.சி. நம் நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியில் பெரும் பங்குதாரர்.

புகை பிடிப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 'தெருவிலும் கூடாது, கடையிலும் கூடாது என்றால் நாங்கள் எங்கே போவது? வரி மட்டும் வேண்டுமா?' என்று அவர்கள் கேட்கிறார்கள். ஒசாகா நகரம் 2025 ஜனவரியில், உலகப் பொருட்காட்சிக்கு முன்னதாக, நகரம் முழுவதும் தெருவில் புகை பிடிப்பதைத் தடை செய்து 1,000 யென் அபராதம் வைத்தபோதும் போதிய இடம் ஒதுக்கவில்லை என்ற குரல் எழுந்தது. அது வீண் குரல் அல்ல. ஜப்பானிய ஸ்டேஷன்களுக்கு வெளியே தடுப்புக் கட்டிய சிறு இடங்களில் டை கட்டிய ஆசாமிகள் தோளோடு தோள் நின்று அவசரமாகப் பிடித்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஓர் இடம் இருப்பதால்தான் மற்ற இடம் சுத்தமாக இருக்கிறது. இடம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் புகை ஒழியாது, வேறு பக்கம் நகரும்.

அப்படி நகர்ந்த இடம் வீட்டு பால்கனி. மனைவிக்குப் பயந்து, இரவில் அடுக்குமாடி பால்கனியில் நின்று பிடிப்பவர்களை ஜப்பானில் 'மின்மினிக் கூட்டம்' என்று கேலியாகச் சொல்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மினுக் மினுக்கென்று தெரியுமாம். கேட்க அழகாக இருக்கிறது, மேல் வீட்டுக்காரருக்குத்தான் அழகில்லை. நகோயாவில் ஒரு பெண்மணி, கீழ் வீட்டுக்காரரைப் பலமுறை வேண்டிக் கேட்டும் நிறுத்தாததால் நீதிமன்றத்துக்குப் போனார். 2012 டிசம்பரில் 50,000 யென் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. பணம் பெரிதல்ல. அந்த அம்மாள் கடிதம் எழுதி, கெஞ்சி, வக்கீல் வைத்து, அக்கம்பக்கத்தின் பகையைச் சம்பாதித்து அந்த இடத்துக்கு வர வேண்டியிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கட்டடத்துக்கு முதலிலேயே ஒரு விதி இருந்திருந்தால் இத்தனையும் மிச்சம்.

நம் ரயிலில் நாம் கண்டது

இதே கதை நம் நாட்டிலும் நடந்தது. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 167-ஆவது பிரிவு, பெட்டியில் உள்ள வேறு பயணி ஆட்சேபித்தால் புகை பிடிக்கக் கூடாது என்று எழுதப்பட்டது. மீறினால் 100 ரூபாய் வரை அபராதம். ரயில்வே நிர்வாகம் விரும்பினால் ஒரு வண்டியில் அடியோடு தடை செய்யலாம் என்றும் அதில் இருந்தது. ஆனால் சாதாரணப் பயணிக்குக் கிடைத்த பாதுகாப்பு 'ஆட்சேபித்தால்' என்ற அந்த ஒரு சொல்தான். காகிதத்தில் நியாயமாகத் தெரியும். கைக்குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யும் பெண், எதிர் பெர்த்தில் சீட்டாடும் நான்கு பேரைப் பார்த்து, மொழி தெரியாத பிரதேசத்தில், இரவு பதினோரு மணிக்கு ஆட்சேபிக்க வேண்டும்! தெற்கிலிருந்து இங்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இரண்டு ராத்திரிப் பயணம் செய்யாதவர்கள் யார்? ஜன்னலை ஏற்றிவிட்டு, குழந்தையின் மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு வந்த தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அலுவலகங்களிலும் அதே கதை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மூடிய அறையில் மேலதிகாரி சிகரெட்டைப் பற்றவைத்தால், ஆஸ்துமா உள்ள ஓர் இளம் பயிற்சியாளர் ஏதோ ஃபைல் எடுக்கப் போவது போல வராந்தாவுக்குப் போய்விடுவார். ஒரு நாளைக்கு ஐந்தாறு ஃபைல் எடுப்பார். அதிகாரி கெட்டவர் அல்ல. சொல்லியிருந்தால் அணைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் 'ஸார், கொஞ்சம் அணைச்சுடுங்களேன்' என்று சொல்லும் தைரியம் எந்தப் பயிற்சியாளருக்கு வரும்?

பிறகு காலம் மாறியது. 1999-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் பொது இடங்களில் புகைக்குத் தடை விதித்தன. 2003-இல் தேசிய அளவில் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று, 200 ரூபாய் வரை அபராதத்தோடு விதிகள் அமலாயின. எல்லாரும் கீழ்ப்படிந்துவிட்டார்களா? இல்லை. கழிவறைக்குள்ளும் கதவோரத்திலும் இன்னும் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் திருப்பதியிலிருந்து செகந்திராபாத் சென்ற வந்தே பாரத் வண்டியின் கழிவறையில் ஒருவர் சிகரெட் பற்றவைக்க, தீயணைப்புக் கருவி தானாக வேலை செய்து வண்டியே நின்றது. ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு சங்கடப்பட்டவர் புகை வேண்டாதவர். இன்று சங்கடப்படுபவர் புகை பிடிப்பவர். ஒளிந்து பிடிக்கிறார் என்பதே விதி வென்றதற்கு அடையாளம்.

நாம் செய்யக்கூடியது

"எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுக்கொண்டே போனால் மனிதனுக்கு மனிதன் பேசிக்கொள்ளும் பழக்கமே போய்விடும் ஸார்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். நல்ல வாதம்தான். ஆனால் பேசிக்கொள்வது என்பது சமமானவர்களுக்குள் நடப்பது. மாமனாரிடம் மருமகளும், முதலாளியிடம் வேலைக்காரனும், சீனியரிடம் ஜூனியரும் பேசி வெல்ல முடியாது. அந்த இடத்தில் விதி இருந்தால் அவர்கள் கெஞ்ச வேண்டாம். சுவரில் இருக்கும் போர்டைப் பார்த்தாலே போதும். போர்டுக்கு யார் மீதும் விரோதம் கிடையாது. புகை பிடிப்பவருக்கும் அதில் கௌரவம் உண்டு, ஏனென்றால் யாரும் அவரைப் பெயர் சொல்லி அவமானப்படுத்தவில்லை.

சியோடாக்காரர்களின் இரண்டாம் பாதி இங்கேதான் வருகிறது. விதியிலேயே காலம் முழுக்க நிற்க வேண்டியதில்லை. விதி சில வருஷம் இருந்தால் அது பழக்கமாகும். அடுத்த தலைமுறைக்கு அதுவே மரியாதையாகிவிடும். 1966-இல் 100-க்கு 80-ஆக இருந்த ஜப்பானிய ஆண்களின் கணக்கு 2019-இல் சுமார் 27-க்கு இறங்கியிருந்தது. விலை, பிரசாரம், விதி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது.

நம்மில் பெரும்பாலோர் ஹவுசிங் சொசைட்டிகளில் இருக்கிறோம். லிஃப்ட், மாடிப்படி, குழந்தைகள் விளையாடும் இடம், பால்கனி ஆகியவை பற்றிப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட அதிக நேரம் ஆகாது. கூடவே காம்பவுண்டின் ஒரு மூலையில், யார் வீட்டு ஜன்னலுக்கும் கீழே இல்லாதபடி, புகை பிடிப்பவர்களுக்கு ஓர் இடமும் ஒரு மணல் தொட்டியும் ஒதுக்க வேண்டும். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் செய்தால் சண்டை வராது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிலும் சித்திரைக் கொண்டாட்டத்திலும் சமையல் பந்தலுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தை எல்லாரும் அறிவோம். அங்கே காய் நறுக்குகிற பெண்களும், கரண்டி பிடிக்கிற தொழிலாளிகளும் அந்தக் காற்றில்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள். அவர்களில் யாராவது வந்து முறையிடட்டும் என்று செயற்குழு காத்திருக்க வேண்டாம். வர மாட்டார்கள். அடுத்த அழைப்பிதழிலேயே ஒரு வரி அச்சடித்து, பந்தலுக்கு வெளியே தள்ளி ஓர் இடத்தையும் குறித்துக் கொடுத்துவிட்டால், யாரும் யாரையும் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.